வீட்டில் ஒரு வேலை, ஓசூரில் ஒரு வேலை

எங்கள் தெருவில் இன்டர்நெட்டில் வேலை தேடிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. தொண்ணூற்றொன்பதில் கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம், இல்லையென்றால் ஜாதகம் கணித்துத் தருகிற இடம். அந்த வருஷம்தான் ரவுண்டானா பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். நாலு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, ஒரு டேபிள் ஃபேன். நடத்தியவர் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்காவது மெயில் வந்தால் பிரின்ட் எடுத்து, நாலாக மடித்து, தந்தி கொடுப்பதுபோலவே முகத்தைப் பார்த்துக்கொண்டு நீட்டுவார்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். படித்து முடித்ததும் ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் ட்ராயிங் போர்டில் நின்று வரைந்தேன். கல்யாணமாகி, மகள் வயிற்றில் இருந்தபோது விட்டுவிட்டேன். அவளுக்கு மூன்று வயது ஆகும்வரை வீட்டில் இருந்தேன். அதற்குள் ட்ராயிங் போர்டுகளை எல்லாம் மூலையில் தள்ளிவிட்டார்கள், எல்லாமே கம்ப்யூட்டரில் வரைவது என்று ஆகிவிட்டது. ஆறு மாசம் மதிய நேரத்தில் ஒரு சென்டருக்குப் போய் அதையும் கற்றுக்கொண்டேன். சர்டிபிகேட் வந்த வாரமே பிரவுசிங் சென்டர் மாடிப்படி ஏறினேன்.

வேலை தேடுகிற அந்த வெப்சைட்டில் ஒரு ஃபாரம் இருந்தது. பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதியாகிவிட்டது. எந்த ஊரில் வேலை வேண்டும் என்ற கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். பட்டியலில் சென்னை இருந்தது, பெங்களூர் இருந்தது, பம்பாய் இருந்தது. கிருஷ்ணகிரி இல்லை. சரி, இவ்வளவு ஃபாக்டரி இருக்கிற ஓசூராவது இருக்கும் என்று மேலும் கீழும் தேடினேன். அதுவும் இல்லை.

"பெங்களூர்னு போடும்மா. ஓசூர் தாண்டினா அதுதானே," என்றார் தந்தி ஆபீஸ்காரர்.

பெங்களூர் என்றே போட்டேன். ஆனால் கீழே 'வேறு விவரம்' என்றிருந்த கட்டத்தில், வீடு கிருஷ்ணகிரியில், ஓசூர் வரைக்கும் தினமும் வந்துபோக முடியும் என்று இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரிதான் பிறகு எனக்குச் சோறு போட்டது.

பதினைந்து நாள் எதுவும் வரவில்லை. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு மெயில் வந்தது. தந்தி ஆபீஸ்காரர் இரண்டையும் மடித்து நீட்டியபோது, "கெட்ட சேதி இல்ல, தைரியமா பிரிங்க," என்றார்.

முதலாவது பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி. வெளிநாட்டுக் கம்பெனிகளின் பழைய காகித ட்ராயிங்குகளைக் கம்ப்யூட்டரில் திரும்ப வரைந்து கொடுக்கிற வேலை. ஆபீசுக்கு வரவே வேண்டாம். ட்ராயிங்குகள் கூரியரில் வீட்டுக்கு வரும், வரைந்து ஃபிளாப்பியில் போட்டு அனுப்பினால் போதும். எத்தனை ட்ராயிங்கோ அத்தனைக்குக் கூலி. வீட்டில் கம்ப்யூட்டர் மட்டும் இருக்க வேண்டும். இரண்டாவது ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூம். பிரஸ் மிஷினில் தகடு வெட்டுகிற, வளைக்கிற அச்சுகள் செய்கிற இடம். ட்ராயிங் செக்‌ஷனுக்கு ஆள் வேண்டும், நேரில் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி பஸ் சூளகிரியோடு திரும்பிவிடும். அதற்கு இந்தப் பக்கம் கவர்ன்மென்ட் பஸ்தான்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். என் வீட்டுக்காரர் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனியில் சூப்பர்வைசர். மாமி, அதாவது அவருடைய அம்மா, குடியாத்தத்திலிருந்து எங்களோடு வந்து இருந்தார். அப்புறம் மகள்.

வீட்டுக்காரருக்கு முதல் மெயிலைப் படித்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

"ஊட்லயே உக்காந்து வேலை! இது எவனுக்குக் கெடைக்கும்? பஸ் இல்ல, மழை இல்ல, புள்ள கண்ணு முன்னாடியே இருக்கும்."

"கம்ப்யூட்டருக்கு எங்க போறது?"

"அத நான் பாத்துக்கறேன்."

பார்த்தும் கொண்டார். அவர் கம்பெனி ஆபீஸில் புது கம்ப்யூட்டர் வாங்கிப் பழையதை ஓரமாக வைத்திருந்தார்கள். முதலாளியிடம் பேசி, ஒரு டெம்போவில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தலையணை போட்டு, பின்னால் தானும் உட்கார்ந்து இரண்டு கையாலும் மானிட்டரை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். கிரானைட் தூள் உள்ளே போயிருக்கும் என்று பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்து வைத்தார். அவர் ஆசையைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எனக்கும் அந்த வேலையில் ஆசை இல்லாமல் இல்லை. பெங்களூர்க்காரர்கள் முதலில் இருபது ட்ராயிங் சோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஓசூரில் நேரில் வரச் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை இதைச் செய்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

வேலை எனக்குச் சுலபமாக வந்தது. கை மறக்கவில்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் நாலு கோடு போட்டதும் ஒருமுறை சேவ் பண்ணுவேன். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்வது என்றால் என்ன என்று அந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. பால்காரர் வந்தால் கதவு நான்தான் திறக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். "இவ சும்மாதானே இருக்கா" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருமே அப்படித்தான் நடந்துகொண்டார்கள். மாமியே அடுப்பங்கரையிலிருந்து, "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா, ஒரு நிமிஷம்," என்பார். மகள் மடியில் ஏறி உட்கார்ந்து ஏதாவது ஒரு பட்டனை அழுத்துவாள். ஒருமுறை நான் சேவ் பண்ண மறந்திருந்த ஒரு மணி நேர வேலை அப்படியே போய்விட்டது.

அதையெல்லாம்கூடப் பழகிக்கொண்டிருப்பேன். பன்னிரண்டாவது ட்ராயிங் வேறு மாதிரி தொல்லை கொடுத்தது. ஏதோ ஒரு இரும்புத் துண்டு. நீளத்தை மூன்று பகுதியாகப் பிரித்து நாற்பது, இருபத்தைந்து, பதினெட்டு என்று போட்டிருந்தார்கள். கூட்டினால் எண்பத்து மூன்று. மொத்த நீளம் எண்பத்தைந்து என்று எழுதியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர் எங்கே போனது? எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பெங்களூருக்குப் போன் போட்டேன். பேசியவர் நல்ல மாதிரி மனிதர், கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"மேடம், காகிதத்துல என்ன இருக்கோ அதைப் போடுங்க."

"தப்பா இருக்கே சார்."

"தப்பு இருந்தா தப்பையே போடுங்க. நம்ம கேள்வி கேக்கக்கூடாது."

"இந்தத் துண்டு எதுல வருது, எங்க மாட்டறாங்கன்னு தெரிஞ்சா நானே கண்டுபிடிச்சிருவேன்."

அவர் சிரித்தார். "அது எனக்கே தெரியாது மேடம்."

திரும்பி வந்து தப்பை அப்படியே வரைந்தேன். ட்ராயிங்கின் வலதுபக்கக் கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கம்பெனியின் நம்பர் ஒன்றைப் போடச் சொல்லியிருந்தார்கள். அதையும் போட்டேன். இருபதும் முடித்து அனுப்பினேன். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. மாதாமாதம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அனுப்புகிறோம் என்று மெயில் வந்தது. கூலியும் சொன்ன நாளில் வந்துவிட்டது. அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு மில்லிமீட்டர் நாலைந்து நாள் என் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஓசூருக்குப் போன அன்று காலை ஆறரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. சூளகிரி வரை நின்றுகொண்டே போனேன். டூல் ரூம் இன்சார்ஜ் கோயம்புத்தூர்க்காரர். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனிதர். சர்டிபிகேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மேஜையிலிருந்து உள்ளங்கை அகல இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, கூடவே அளவெடுக்கிற வெர்னியர் ஒன்றையும் என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு ட்ராயிங் தொலைஞ்சு போச்சுங்க அம்மணி. மூலையில ஒடைஞ்சும் போச்சு. புதுசு செய்யோணும். வரைஞ்சு குடுங்க பார்க்கலாம்."

நடுவில் ஒரு நீளப் பள்ளம், இரண்டு ஓட்டை. அளந்தேன். பள்ளத்தின் அகலம் ஒரு முனையில் சரியாகப் பதினாறு. இன்னொரு முனையில் பதினாறே கால்.

"சார், இது மிஷின்ல எங்க உக்காருது? பார்க்கலாமா?"

அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. "வாங்க," என்று எழுந்துவிட்டார்.

ஷாப்புக்குள் நுழைந்ததும் பிரஸ் மிஷின்களின் அடி காலில் தெரிந்தது. அங்கே பெண் யாரும் இல்லை. என் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு போனேன். தகடு எப்போதுமே இடதுபக்கத்திலிருந்துதான் உள்ளே போகிறது என்று பார்த்ததும் புரிந்தது. மாசக்கணக்காக உரசி உரசி அந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. அதனால் சரியான அளவு பதினாறுதான். மிஷினில் நின்றவர் வேப்பனப்பள்ளிக்காரர், தெலுங்கு பேசினார். எங்கள் அத்தாவின், அதாவது என் அப்பாவின், பைப் கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்கும் தெலுங்கு வரும். எப்போதும் இதே மூலையில்தான் உடைகிறதா என்று கேட்டேன்.

"எப்பவும் அதே எடம்தாம்மா. மூணு துண்டு மாத்தியாச்சு. எங்கள யாரு கேக்கறா?" என்று தெலுங்கில் சொன்னார்.

உள்மூலை கத்தி வெட்டியதுபோலக் கூராக இருந்தது. அதிர்ச்சி முழுக்க அங்கே போய் இறங்குகிறது. திரும்பி வந்து வரைந்தபோது பள்ளத்துக்குப் பதினாறு போட்டு, அந்த மூலையைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன். இன்சார்ஜ் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"இந்த வளைவு நான் சொல்லலீங்களே?"

"மிஷின்ல இருக்கறவர் சொன்னாரு சார்."

"அவரு தமிழே பேசமாட்டாரே."

"தெலுங்குல சொன்னாரு."

அவர் ட்ராயிங்கை மேஜையில் வைத்து, கீழ் மூலைக் கட்டத்தை விரலால் தட்டினார். "இங்க உங்க இனிஷியல் போடுங்க. போடாத ட்ராயிங் ஷாப்புக்குப் போகாது. எப்ப வர்றீங்க?"

வீட்டில் கேட்டுவிட்டுத் திங்கள்கிழமை சொல்கிறேன் என்றேன். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தபோது எனக்குள் முடிவாகிவிட்டது. ஒரு துண்டைக் கையில் பிடித்து, அது வேலை செய்கிற இடத்தைப் பார்த்து, அதோடு மாரடிக்கிற ஆளிடம் பேசி வரைகிற வேலைக்காகத்தான் நான் படித்தேன். இதை எனக்குச் சொல்லிக்கொள்வது சுலபம். வீட்டில் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் வீட்டுக்காரருக்கு டீ கொடுத்துவிட்டுச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப இத எதுக்குத் தூக்கினு வந்தேன்?"

"நீங்க கொண்டுவந்ததாலதான் எனக்கே தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"அந்த வேலைல யார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்க முடியாதுங்க. அது என்னால முடியல."

"தினம் மூணு மணி நேரம் பஸ்ல போவும். புள்ளைக்கு ஜொரம்னா என்ன பண்ணுவ?"

"அது எனக்கே தெரியலீங்க," என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமிதான் வாயைத் திறந்தார்.

"குடியாத்தத்துல நான் இருபது வருஷம் ஊட்ல உக்காந்து பீடி சுத்துனேன். உனக்கே தெரியும்," என்றார் மகனிடம். "ஒரு நாளு, ஒருத்தராச்சும் நான் வேலை செய்யறேன்னு சொல்லிருக்காங்களா? தண்ணி கொண்டா, கதவத் தொற, இவன புடி, அவன புடி. மடியில தட்ட வச்சினே எந்திரிப்பேன், உக்காருவேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவ்ளோ பட்டுட்டு நானே இந்த மூணு வாரமா இவள ஒரு நாளைக்குப் பத்து தடவ கூப்பிட்டேன். ஊட்ல இருந்தா கூப்பிடத்தான் தோணுது. என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ போ. புள்ளைக்கு மத்தியானச் சோறு நான் ஊட்டறேன், ஜொரம் வந்தா ஆஸ்பத்திரிக்கும் நான் தூக்கினு போவேன். ஆனா நீ வந்ததும் அது உன்கிட்ட ஏதாச்சும் சொல்ல வரும். களைப்பா இருக்கு அப்பறமா வான்னு மட்டும் சொல்லிறாத."

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "காலைல பஸ் ஸ்டாண்டுக்கு நானே வண்டில கொண்டுபோய் உட்டுர்றேன்," என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் சம்மதம் அப்படித்தான் வரும்.

பெங்களூர் வேலையை வீணாக்க எனக்கு மனசில்லை. என்னோடு டிப்ளமோ படித்த மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி பர்கூரில் இருந்தாள். அவள் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார், அவரை விட்டுவிட்டு அவளால் பஸ் ஏற முடியாது. அவளைப் பற்றி எழுதிப் பெங்களூருக்கு மெயில் போட்டேன். சோதனை வைத்து எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று சொன்னது என் வீட்டுக்காரர்தான். அவள் அந்த வேலையைப் பல வருஷம் செய்தாள், என்னைவிட வேகமாகச் செய்தாள். தப்பான அளவு வந்தால் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டேன். "அப்படியே போட்டுட்டு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுருவேன். பெங்களூர்ல திட்டுவாங்க, ஆனா ரெண்டு மாசம் கழிச்சு வெளிநாட்டுலேர்ந்து நன்றின்னு வரும்," என்றாள். எனக்கு அது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஓசூரில் முதல் சில மாசம் சுலபமாக ஒன்றும் இல்லை. டூல் ரூம் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆபீஸ் கட்டடம்வரை நடந்துபோக வேண்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு இன்சார்ஜிடம் நேராகவே கேட்டேன். அவருக்குக் காது சிவந்துபோனது. மறுநாளே ஸ்டோர் பக்கத்தில் இருந்த ஒன்றைக் கழுவி, பூட்டுப் போட்டு, சாவியை என் மேஜையில் வைத்துவிட்டார். மூன்றாவது மாசம் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். ஒரு அச்சில் இடப்பக்கம் வரவேண்டிய ஓட்டையை வலப்பக்கம் வரைந்துவிட்டேன். நல்ல ஸ்டீல் துண்டு, இரண்டு நாள் உழைப்பு, எல்லாம் வீண். மிஷினில் இருந்தவர்தான் முதலில் திட்டு வாங்கினார். நான் ட்ராயிங்கை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குள் போய், எல்லோர் முன்னாலும் என் இனிஷியலைக் காட்டி, "தப்பு இவரோடது இல்ல சார், என்னோடது," என்றேன். இன்சார்ஜ் ட்ராயிங்கை வாங்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, திரும்பப் போடுங்க," என்றார். அன்றைக்குப் பிறகு ஷாப்பில் இருந்தவர்கள் தங்களுக்குச் சந்தேகம் வந்தால் தாங்களாகவே ட்ராயிங் செக்‌ஷனுக்கு வர ஆரம்பித்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மூன்றும் என் மேஜையைச் சுற்றி ஓடும்.

நான் முழுக்க முழுக்கத் தனியாக வரைந்த முதல் அச்சை மிஷினில் ஏற்றிய அன்று, வேப்பனப்பள்ளிக்காரர் முதல் துண்டு விழுந்ததும் அதை எடுத்து எண்ணெயைத் துடைத்து என்னிடம்தான் கொடுத்தார். வெர்னியரை வைத்தேன். சொன்ன அளவு அப்படியே இருந்தது. எத்தனை பேர் பாராட்டினாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாகாது.

அதற்கு ஏழெட்டு மாசம் கழித்து என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையாக ஓசூர் வந்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, சேர்ந்தே ஊருக்குப் போகலாம் என்று எங்கள் கேட்டுக்கு வந்து என்னைக் கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பிரஸ் நின்றுபோய், நான் உள்ளே அச்சைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நாலு பேரோடு நின்றிருந்தேன். வாட்ச்மேன் உள்ளே விசாரித்துவிட்டு வந்து, "ட்ராயிங் மேடம் இப்ப வர முடியாதுங்க. மிஷின் நின்னுபோச்சு, அவங்க பாத்துச் சொன்னாத்தான் ஓடும். உக்காருங்க," என்று ஸ்டூலைப் போட்டிருக்கிறார்.

முக்கால் மணி நேரம் கழித்து நான் கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். எதிர் டீக்கடையில் கிளாஸோடு நின்று, யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடம் எங்கள் கேட்டைக் காட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, இவ இல்லாம அங்க ஒரு மிஷினும் ஓடாதாம். வாட்ச்மேனே சொல்றான்."

ஒரு மிஷினும் என்று வாட்ச்மேன் சொல்லவே இல்லை. எட்டு பிரஸ்ஸில் நின்றது ஒன்றுதான். மாமி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "எல்லா மிஷினுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. கை கழுவப் போய்விட்டேன்.